சாவி கொடுக்கும் வரை

நவம்பர் 4, செவ்வாய்
சுவரில் ஒட்டிய என் நாவலின் அத்தியாயச் சீட்டுகளை மட்டும் யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். வீடு மாறுவதால் அம்மா பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருக்கிறார். முதல் எட்டு அத்தியாயங்களும் கடைசி நான்கும் உறுதியாக நிற்கின்றன. 9 முதல் 16 வரை நாயகன் சின்னையா நடக்கிறான், அடிபடுகிறான், பட்டினி கிடக்கிறான், மறுபடி நடக்கிறான். 11ஐயும் 14ஐயும் இடம் மாற்றி ஒட்டினேன். கதையில் எதுவுமே கெடவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

நவம்பர் 5
அம்மிக்கல் புது வீட்டுக்கு வந்தே ஆக வேண்டுமாம். சரி.

நவம்பர் 7, வெள்ளி
விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தில் மாலை வரை இருந்தேன். ஜோசப் கேம்பல் 1949இல் வகுத்த நாயகப் பயணத்துக்கு 17 கட்டங்கள். முதலில் அழைப்பு. நாயகன் தானாகவும் புறப்படலாம், நல்லதோ கெட்டதோ ஏதாவது ஒரு சக்தி அவனைத் தூக்கிக்கொண்டும் போகலாம் என்று அவரே இடம் விட்டிருக்கிறார். அப்படித் தூக்கிப் போகப்பட்டவன் எந்த இடத்தில் நாயகன் ஆகிறான்? போர்க் காலத்தில் ஜப்பானியர்கள் சின்னையாவை ஜோகூர்த் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றினார்கள். சரக்கு ரயிலில் அடைத்துச் சயாமில், இன்றைய தாய்லாந்தில், இறக்கினார்கள். பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட வேண்டும். இதில் அவன் முடிவெடுத்தது என்று ஒன்றுமே இல்லை.

நவம்பர் 9
தூக்கம் வரவில்லை. 11, 14.

நவம்பர் 10
பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரர் அலமாரியையும் காற்றாடியையும் எடுத்துப் போனார். தையல் இயந்திரத்தை அம்மா கொடுக்கவில்லை. அப்புறம் இரவுவரை யாரோடும் பேசவில்லை.

நவம்பர் 12, புதன்
நல்ல மழை. ஆவணக் காப்பகத்தின் வாய்மொழிப் பதிவுகளைக் கேட்டபடி பெட்டி கட்டினேன். 1943இல் மழை பிடித்ததும் முகாம்களில் காலரா பரவியது. போர்க் கைதிகளோடு ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். தோட்டத்துச் சனங்களுக்கு அநேகமாக யாருமே இல்லை. இதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அங்கேதான் வழி திறந்தது. 13இல், கூட வேலை செய்யும் கருப்பனைக் காலராக் கொட்டகையில் போட்டுவிடுகிறார்கள். அன்று இரவு சின்னையா தப்பிக்க ஆற்றில் கங்காணி, தோட்டத்தில் வேலை வாங்கியவர், படகோடு காத்திருக்கிறார். சின்னையா கொட்டகைக்குள் போகிறான். என் நாவலில் அழைப்பு 13இல்தான் வருகிறது. அதற்கு முந்தைய சோதனைகள் ஒவ்வொன்றும் அவனிடமிருந்து எதையாவது பறிக்க வேண்டும், திருப்பித் தரக்கூடாது. 11இல் வழியில் விழுந்து கிடப்பவனைத் தாண்டி நடந்துவிடுகிறான். அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. 14இல் கருப்பனுக்குக் கஞ்சி ஊட்டுகிறான். இனி எவனாலும் 11ஐ நகர்த்த முடியாது!

நவம்பர் 13
சீட்டுகள் எல்லாம் புதிதாக எழுதியாயிற்று. சந்தோஷத்தில் சாப்பாடு இறங்கவில்லை.

நவம்பர் 15, சனி
“அந்தப் பையன் ஊருக்குத் திரும்பி வருவானா?” என்று அம்மா கேட்டார்.
“வருவான்மா.”
“மற்றவன்?”
பெட்டிக்கு டேப் ஒட்டினேன்.

நவம்பர் 17
வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) ஆள் வந்து மின்சாரப் பெட்டி, தண்ணீர்க் குழாய் எல்லாம் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு 15தான் மனதில் ஓடுகிறது. படகு கையில் இருக்கும்போது கங்காணி ஏன் தனியாகப் போகவில்லை? அவரைக் கெட்டவராக்கிவிட்டால் வேலை சுலபம். நான் அப்படிச் செய்ய மாட்டேன். தோட்டத்து ஆட்களின் பெயரைக் கொடுத்தவர் அவர்தான். எத்தனை பேரை ஏற்றினோம் என்ற கணக்கு அவரிடம் இருக்கும்.

நவம்பர் 18
லாரி கீழே வந்துவிட்டது. கங்காணிக்கு ஒரு மகன் இருக்கிறான், அதே முகாமில்.