யுகாத்தான் நாட்குறிப்பு: மனீ வரைக்கும், அதற்கு அப்பாலும்

ஜனவரி 6, மெரிதா

மெக்சிகோவின் யுகாத்தானில் இருக்கும் இந்த ஊருக்கு இன்று பிறந்தநாள். 1542இல் இதே தேதியில், இந்த மண்ணைப் பிடிக்க வந்த ஸ்பானியப் படைத்தலைவர்களான தந்தை, மகன் மோந்தேஹோக்களில் மகன் இதை நிறுவினார். வெற்றுநிலத்தில் நிறுவவில்லை. இந்த மண்ணின் மக்களான மாயாக்களின் த்ஹோ நகரம் இங்கே இருந்தது. அதன் கல் மேடைகளைப் பார்த்த ஸ்பானியர்களுக்கு ரோமானிய இடிபாடுகள் நிறைந்த தங்கள் நாட்டு மெரிதா நினைவுக்கு வர, அந்தப் பெயரையே வைத்தார்கள். அப்புறம் அந்தக் கற்களைப் பெயர்த்துக் கதீட்ரல் கட்டினார்கள். 1561இல் தொடங்கி 1598இல் முடித்தார்கள். காலையில் அதன் சுவரில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.

சதுக்கத்தின் தென்புறம் மோந்தேஹோக்களின் மாளிகை. வாசலுக்கு மேலே கவசம் அணிந்த இரண்டு வீரர்கள், அலறும் தலைகளை மிதித்துக்கொண்டு நிற்கிறார்கள். 1549இல் செதுக்கியது. தாங்கள் செய்ததை மறைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

சந்தையில் நாரத்தை போல் புளிக்கும் ஆரஞ்சு விற்ற அம்மா ஒரு மாயா சொல் கற்றுக்கொடுத்தார்: பிஷ் அ பேல்? நலமா என்று பொருள். சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'உன் பாதை எப்படி இருக்கிறது?'

ஜனவரி 8, இசமால்

ஊர் முழுக்க மஞ்சள் பூச்சு. நடுவில் பிரான்சிஸ்கன் மடம், பாப்-ஹோல்-சாக் என்ற பிரமிடின் மேடைமேல். 1561இல் கட்டி முடித்திருக்கிறார்கள். படியேறும்போது மடத்துக்கு ஏறுகிறோமா, பிரமிடுக்கு ஏறுகிறோமா என்றே தெரியவில்லை. சில தெருக்கள் தள்ளி கினிச் காக் மோ பிரமிடு இன்னும் நிற்கிறது.

இங்கிருந்து ஆகே என்ற ஊருக்குப் பழைய மாயாக்கள் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வெள்ளைக்கல் பாதை போட்டிருந்தார்கள். சக்பே என்று பெயர். சக் என்றால் வெள்ளை, பே என்றால் பாதை. சந்தையம்மா சொன்ன அதே பே.

இந்த மடத்தில் பொறுப்பில் இருந்தவர் தியேகோ தெ லாந்தா என்ற ஸ்பானியத் துறவி. அவருக்காகத்தான் நாளை மறுநாள் மனீ.

ஜனவரி 10, மனீ

கொலெக்டிவோ என்ற ஷேர் வேனில் வந்து இறங்கினேன். அமைதியான சிற்றூர். பெரிய மடம், முன்னால் புல்வெளி.

1562இல் பக்கத்துக் குகை ஒன்றில் மாயா தெய்வச் சிலைகள் கிடைத்தன. ஞானஸ்நானம் பெற்றவர்களே ரகசியமாக வழிபடுகிறார்கள் என்று லாந்தாவின் தலைமையில் விசாரணை நடந்தது. மணிக்கட்டில் கயிறு கட்டித் தூக்கித் தொங்கவிட்டார்கள். பிறகு நடந்த அரசு விசாரணையின் பதிவில் 4,500 பேருக்கும் மேல் வதைக்கப்பட்டதாக இருக்கிறது. 158 பேர் இறந்தார்கள். ஜூலை 12 அன்று சிலைகளையும் மான்தோலிலும் மரப்பட்டைத் தாளிலும் எழுதிய ஏடுகளையும் கொளுத்தினார்கள். ஏடுகள் எரிந்தபோது மக்கள் வியக்கும் அளவுக்கு வேதனைப்பட்டார்கள் என்று லாந்தாவே எழுதிவைத்தார். அவருக்குத் தண்டனை ஏதும் கிடைக்கவில்லை. ஸ்பெயினில் விடுவிக்கப்பட்டு ஆயராகத் திரும்பிவந்தார். மாயா ஏடுகளில் இன்று உலகத்தில் எஞ்சியிருப்பவை நான்கு.

அதே லாந்தா மாயா எழுத்துகளையும் தம் குறிப்பில் வரைந்துவைத்தார். அதைத் திறவுகோலாகக் கொண்டுதான் 1952இல் ரஷ்ய அறிஞர் க்னோரோசொவ் மாயா எழுத்தை வாசிக்க வழி கண்டார். "எரித்தவரே காப்பாற்றியும் கொடுத்தார்" என்று சிலர் சொல்கிறார்கள். அந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. நன்றி சொல்ல வேண்டியது அவருக்கு எழுதிக் காட்டிய மாயாக்களுக்கு. மனீயை ஆண்ட ஷியு குடும்பத்தைச் சேர்ந்த காஸ்பர் அந்தோனியோ சி அவர்களில் ஒருவர் என்று கருதுகிறார்கள்.

லாந்தா ஸ்பானிய எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, "இதை உங்கள் எழுத்தில் எழுது" என்று கேட்டிருக்கிறார். மாயாவில் தனி மெய்க்குக் குறி கிடையாது. நம் உயிர்மெய் மாதிரி க, கி, கு என்றுதான் வரும். B என்ற எழுத்தை ஸ்பானியத்தில் 'பே' என்பார்கள். காதில் விழுந்த 'பே'க்கு எழுதியவர் ஒரு பாதையையும் அதில் ஒரு காலடித் தடத்தையும் வரைந்தார். அது இன்றும் அந்தக் குறிப்பின் நகலில் இருக்கிறது.

வாக்கியம் ஒன்று எழுதச் சொன்னபோது வந்தது: மா இன் காதி. 'எனக்கு வேண்டாம்.'

இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

ஜனவரி 13, வயாதொலித்

சாசி என்ற மாயா ஊரின் மேல் 1545இல் எழுந்த நகரம். அடுத்த ஆண்டே கிழக்கு மாயாக்கள் கிளர்ந்தார்கள். 1847 ஜூலை 26 அன்று மாயாத் தலைவர் மானுவல் அந்தோனியோ ஆய் இங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். நான்கு நாளில் தெபிச் கிராமத்தில் மாயாக்களின் பெரும்போர் மூண்டது. அரைநூற்றாண்டு ஓயவில்லை.

நாளை தெபிச். வேன்காரரிடம் இன்றே பேசிவைத்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மாயாவிலேயே கேட்டார், பிஷ் அ பேல்?

மாலோப், என்றேன். நன்றாக இருக்கிறது. காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார்.