திரும்பி வரும் தேதியை வைத்துப் பாருங்கள்

நவம்பர் வந்தால் போதும், அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து கேட்பார்கள்: "அக்கா, என் எஃப்-1 மாணவர் விசா முடியப் போகுது, இங்கேயே இருக்கலாமா?" தாராளமாக இருக்கலாம். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா அமெரிக்காவுக்குள் நுழைவதற்கு மட்டும்தான். நுழைந்த பிறகு ஐ-20 (மாணவர் தகுதிக்காகப் பல்கலைக்கழகம் தரும் படிவம்) செல்லுபடியாக இருந்து, விதிப்படி முழுநேரம் படித்துக்கொண்டிருந்தால் போதும். விசா காலாவதியானபின் ஊருக்கே போகாமல் பிஎச்டியை முடித்தவர்கள் உண்டு. வெளியே போய்த் திரும்பும்போதுதான் சிக்கல்.

அதனால் டிக்கெட் போடுமுன் திரும்பி வரும் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு காகிதங்களைப் பாருங்கள் என்பேன். போகிற அன்றைக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

ஐ-20-ல் எல்லோரும் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். இரண்டாம் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் பயண ஒப்புதலுக்கென்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் அதற்கென உள்ள அதிகாரி அதில் கையெழுத்திட்டுத் தேதி போடுவார். அந்தக் கையெழுத்து ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். படிப்பு முடிந்து ஓபிடி என்ற தற்காலிக வேலை அனுமதியில் வேலை செய்பவர்களுக்கு ஆறு மாதம்தான். போன ஜனவரி தொடக்கத்தில் வாங்கியதை நம்பி இந்த டிசம்பரில் கிளம்பி, அடுத்த ஜனவரி நடுவில் திரும்பினால் கணக்கு உதைக்கும். பழைய கையெழுத்தோடு வந்து நின்றால், குடிவரவு அதிகாரி மனது வைத்தால் ஐ-515ஏ என்ற படிவத்தைக் கொடுத்து உள்ளே விடுவார். 30 நாட்களுக்குள் சரியான காகிதங்களை அனுப்ப வேண்டும். விமான நிலையத்தில் அந்தப் பதற்றம் எதற்கு? செமஸ்டர் கடைசியில் அந்த அலுவலகத்தில் கூட்டம் அதிகம், அதனால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கணவனோ மனைவியோ எஃப்-2 என்ற குடும்பத்தார் விசாவில் உடன் இருந்தால் அவர்களுடைய ஐ-20-லும் கையெழுத்து வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது பாஸ்போர்ட். திரும்பி வரும் நாளில் அதில் ஆறு மாதமாவது மிச்சம் இருப்பது நல்லது. இந்தியப் பாஸ்போர்ட்டை இங்கிருந்தே தூதரகம் வழியாகப் புதுப்பிக்கலாம். புதியது வந்ததும் பழையதைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடாதீர்கள். அதில் உள்ள விசாவுக்குக் காலம் இருந்தால் அது இன்னும் செல்லும். இரண்டையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டும்.

இதில் நம்மவர்களுக்கென்றே ஒரு தலைவலி இருக்கிறது. நம்மில் நிறையப் பேருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் நம் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டு, முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சிட்டுவிடுவார்கள். புதுப்பிக்கும்போது அப்பா பெயரைச் சேர்த்துச் சரிசெய்துவிடலாம் என்று தோன்றும். செய்யலாம், ஆனால் ஊர்ப் பயணத்துக்குச் சற்று முன் வேண்டாம். விசாவில் ஒரு பெயர், புதுப் பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், ஐ-20-ல் இன்னொன்று என்று ஆகிவிடும். மாற்றினால் உடனே கல்லூரியில் சொல்லி ஐ-20-ஐயும் மாற்றுங்கள். டிக்கெட்டை எந்தப் பாஸ்போர்ட்டைக் காட்டப் போகிறீர்களோ அதில் உள்ள பெயரிலேயே எடுங்கள்.

விசா முடிந்திருந்தாலும் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ 30 நாட்களுக்குள் போய்வர ஒரு வழி உண்டு. ஐ-20, ஐ-94 என்ற நுழைவுப் பதிவு, பாஸ்போர்ட் எல்லாம் சரியாக இருந்தால் பழைய விசாவிலேயே திரும்ப விடுவார்கள். ஆனால் அங்கே போன இடத்தில் புதிய அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டால் இந்தச் சலுகை போய்விடும். விசா கைக்கு வரும்வரை திரும்ப முடியாது. கனடாவுக்குள் நுழைய நமக்குத் தனி விசா வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

எங்கே போய்த் திரும்பினாலும், வந்ததும் ஐ-94-ஐ இணையத்தில் எடுத்துப் பாருங்கள். பெயர், பாஸ்போர்ட் எண், எஃப்-1 என்ற வகை மூன்றும் சரியாக இருக்க வேண்டும். ஏதாவது தப்பாக இருந்தால் அந்த வாரமே சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள்.