உறக்கத்திலிருந்து எழாத மடிக்கணினி: வழுவைத் தேடுவதும் அறிவிப்பதும்

லினக்ஸ் மடிக்கணினி வைத்திருப்பவர்களை மிகவும் அலைக்கழிப்பது உறக்கநிலைச் சிக்கல்தான் என்று நான் கருதுகிறேன். மூடியை மூடும்போது கணினி ஒழுங்காக உறங்குகிறது. திறக்கும்போது விசைப்பலகையின் விளக்கு மட்டும் எரிகிறது, திரை கறுப்பாகவே நிற்கிறது, ஆற்றல் பொத்தானை நெடுநேரம் அழுத்தி அணைப்பதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. என் மடிக்கணினியிலும் கெர்னலின், அதாவது இயங்குதளத்தின் கருப்பகுதியின், புதுப்பிப்பு ஒன்றுக்குப் பிறகு இது தொடங்கியது. எழுதிக்கொண்டிருந்தது போய்விடும் என்ற அச்சத்தால் மூடியை மூடவே தயங்கும் நிலை வந்தபோது, இதை முழுமையாக ஆராய்ந்து உரியவர்களிடம் அறிவிப்பது என்று முடிவு செய்தேன்.

இவ்வகை வழுக்களைப் பற்றி முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. குறை உள்ள இயக்கியை, அதாவது ஒரு சாதனத்தை இயக்கும் கெர்னல் நிரலை, எழுதிய நிரலாளரிடம் நம்முடைய கணினி இல்லை. அதே மாதிரியை அவர் வைத்திருந்தாலும் அதே ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள்ளேயே பதிந்திருக்கும் நிரல்) பதிப்பும் அதே வைஃபை அட்டையும் அதில் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. குறை வெளிப்படும் ஒரே ஆய்வுக்கூடம் நம் மேசையில்தான் இருக்கிறது. எனவே வழு அறிக்கை என்பது முறையீட்டுக் கடிதம் அன்று. வேறு எவராலும் செய்ய இயலாத சோதனைகளை நாம் செய்து, அவற்றின் முடிவுகளை அவர் கையில் கொடுப்பதே அது. இந்தப் பார்வை வந்துவிட்டால், எதைச் சேகரிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது பெரும்பாலும் தானே விளங்கிவிடும்.

உறக்கம் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகைகள் உண்டு. பழைய வகையான எஸ்-3 நிலையில் நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் சென்றுகொண்டிருக்கும். செயலி முற்றிலும் அணைந்துவிடும். விழிக்கும்போது கணினியின் ஃபர்ம்வேர் முதலில் எழுந்து, பிறகு கெர்னலிடம் பொறுப்பை ஒப்படைக்கும். புதிய வகையான எஸ்2ஐடிலில் செயலி அணைவதில்லை. எல்லா நிரல்களும் உறைய வைக்கப்படுகின்றன, சாதனங்கள் ஒவ்வொன்றும் குறைந்த மின் நிலைக்குச் செல்கின்றன, செயலி தன் ஆழ்ந்த ஓய்வில் காத்திருக்கிறது. விண்டோஸில் 2012இல் கனெக்டெட் ஸ்டாண்ட்பை என்ற பெயரில் தொடங்கிப் பின்னர் மாடர்ன் ஸ்டாண்ட்பை என்று வளர்ந்த முறைக்கு ஏற்ப மடிக்கணினிகள் வடிவமைக்கப்பட்டதால், இன்றைய பல மாதிரிகளில் எஸ்-3 கிடைப்பதே இல்லை. 'சிஸ்' அடைவுக்குள் 'பவர்' என்ற அடைவில் இருக்கும் 'மெம் ஸ்லீப்' என்ற கோப்பைப் படித்தால், நம் கணினி எவற்றை ஆதரிக்கிறது என்பதும், இப்போது எதைப் பயன்படுத்துகிறது என்பதும் தெரியும். நடப்பில் இருப்பது சதுர அடைப்புக்குள் காட்டப்படும். எஸ்2ஐடிலில் ஒவ்வொரு சாதனத்தின் இயக்கியும் தன் பங்கைச் சரியாகச் செய்தாக வேண்டும் என்பதால், ஒரே ஓர் இயக்கி தவறினாலும் முழுக் கணினியும் சிக்கிக்கொள்ளக்கூடும்.

என் விசாரணையின் முதல் படி எளிமையானது. உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வழங்கல்களில் பெரும்பாலானவை புதிய கெர்னலை நிறுவும்போது பழையதையும் வைத்திருக்கின்றன. கணினியைத் தொடக்கும்போது கிரப் என்ற தொடக்க நிரல் காட்டும் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுக்கலாம். பழைய கெர்னலில் கணினி ஒவ்வொரு முறையும் ஒழுங்காக எழுந்தது, புதியதில் எழவில்லை. பல மணி நேரம் மன்றங்களில் தேடுவதைவிட இந்த ஒரு சோதனை அதிகம் சொல்கிறது. வன்பொருள் பழுதாகவில்லை, திரையின் சாளரங்களைத் தரும் மேசைச் சூழல் காரணம் அன்று, முன்பு சரியாக இயங்கிய ஒன்று இரண்டு பதிப்புகளுக்கு இடையே கெட்டிருக்கிறது. இதைப் பின்னடைவு வழு என்பார்கள். கெர்னல் உலகில் இதற்குத் தனி மதிப்பு உண்டு, ஏனெனில் புதுப்பிப்பு பயனரின் வேலையைக் கெடுக்கக்கூடாது என்பது கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பல ஆண்டுகளாக வலியுறுத்திவரும் விதி.

அடுத்ததாகப் பதிவுகளைப் பார்த்தேன். 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையில் முந்தைய தொடக்கத்தின் கெர்னல் செய்திகளை மட்டும் கேட்டால், உறக்கத்துக்குள் நுழைந்ததைக் குறிக்கும் வரி கிடைக்கும். நலமாக எழுந்திருந்தால் வெளியேறியதைக் குறிக்கும் வரியும் இருக்கும். என் பதிவில் நுழைவு வரியோடு எல்லாம் நின்றுவிட்டது. இங்கே பலரும் ஒரு தவறான முடிவுக்கு வருகிறார்கள்: கடைசியாகப் பதிவான வரியில் எந்தச் சாதனத்தின் பெயர் இருக்கிறதோ அதுவே குற்றவாளி என்று எண்ணிவிடுகிறார்கள். பதிவுகளை வட்டில் எழுதும் நிரலும் மற்ற நிரல்களைப் போலவே உறைய வைக்கப்படுகிறது. அதற்குப் பின் கெர்னல் சொன்னவை நினைவகத்தில் மட்டும் இருந்து, வலிந்து அணைக்கும்போது அழிந்துவிடுகின்றன. ஆகவே அந்த வரியை வைத்து எந்தச் சாதனத்தையும் சுட்ட முடியாது.

அந்த இருண்ட பகுதிக்குள் பார்க்கக் கெர்னலிலேயே ஒரு கருவி இருக்கிறது. அதே 'பவர்' அடைவில் உள்ள 'பிஎம் டெஸ்ட்' என்ற கோப்பு, உறக்கத்தின் பாதையை ஒரு குறிப்பிட்ட படிவரை மட்டும் சென்று, சில நொடிகள் காத்திருந்து, திரும்பிவரச் செய்கிறது. 'ஃப்ரீசர்' என்று எழுதினால் நிரல்களை உறைய வைப்பதோடு நிற்கும். 'டிவைசஸ்' என்று எழுதினால் சாதனங்களையும் உறங்கவைத்து எழுப்பும். அதற்கு மேலும் படிகள் உண்டு. என் கணினி முதல் படியில் சிக்கலின்றித் திரும்பியது, இரண்டாவதில் உறைந்துபோனது. ஃபர்ம்வேரின் ஆழ்ந்த நிலைகளை இனி ஐயப்பட வேண்டியதில்லை, ஏதோ ஒரு சாதன இயக்கியே காரணம் என்பது அத்துடன் தெளிவாயிற்று. பிறகு இயக்கி மாட்யூல்களை, அதாவது கெர்னலில் ஏற்றவும் அதிலிருந்து இறக்கவும் கூடிய பகுதிகளை, ஒவ்வொன்றாக இறக்கிவிட்டுச் சோதனையை மீண்டும் நடத்தினேன். வைஃபை இயக்கியை இறக்கியபோது கணினி எழுந்தது. திரும்ப ஏற்றியபோது எழவில்லை. இப்படி இரு திசையிலும் உறுதிப்படுத்துவது முக்கியம். இறக்கியபோது சரியாயிற்று என்பது தற்செயலாகவும் நேரலாம்.

இந்த இடத்தில் பலரும் நின்றுவிடுகிறார்கள் என்பதே என் வருத்தம். உறங்கும் முன் வைஃபை மாட்யூலை இறக்கி, எழுந்த பின் ஏற்றும் ஒரு சிறு ஸ்கிரிப்டை, கணினியின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் உறக்க அடைவில் வைத்துவிட்டால் அன்றாட வேலை நடந்துவிடும். அந்த ஸ்கிரிப்டை இணையத்தில் பகிர்கிறார்கள், நூறு பேர் நன்றி சொல்கிறார்கள், ஆனால் இயக்கியைப் பராமரிப்பவருக்கு அப்படி ஒரு வழு இருப்பதே தெரியாமல் போகிறது. இத்தகைய மாற்றுவழி அன்றைய வேலைக்குத் தேவைதான், நானும் அதைப் பயன்படுத்தினேன். ஆனால் அது அறிக்கையில் இடம்பெற வேண்டிய ஒரு சான்றே தவிர, அறிக்கைக்கு மாற்று ஆகாது.

கெர்னல் வழுவை அறிவிக்கும் முன் இரண்டு நிபந்தனைகளை நிறைவேற்றியாக வேண்டும். முதலாவது, கெர்னல் களங்கமற்றதாக இருக்க வேண்டும். மூலநிரல் வெளியிடப்படாத தனியுரிமை வரைகலை இயக்கி போன்ற வெளி மாட்யூல்கள் ஏற்றப்பட்டால் கெர்னல் தன்னைக் களங்கப்பட்டதாகக் குறித்துக்கொள்ளும். 'ப்ராக்' அடைவில் அதற்கான கோப்பு 0 என்று காட்டினால் தூய்மையாக இருக்கிறது என்று பொருள். மூலநிரல் எவருக்கும் தெரியாத ஒரு மாட்யூல் உள்ளே இருக்கும்போது குறை எங்கே என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால்தான் இதைக் கேட்கிறார்கள். இரண்டாவது, வழங்கல் தரும் கெர்னலில் அவர்களுடைய மாற்றங்களும் சேர்ந்திருக்கலாம் என்பதால், மூலக் கெர்னலின் மிகப் புதிய பதிப்பிலும் அதே வழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூலநிரலிலிருந்து நாமே தொகுத்த (கம்பைல் செய்த) கெர்னலுக்குக் கையொப்பம் இராது. கையொப்பமுள்ளவற்றை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால் அது தொடங்காது, எனவே சோதனைக் காலத்தில் அதை அணைத்துவைக்க வேண்டும். கணினித் தயாரிப்பாளரின் ஃபர்ம்வேர் புதுப்பிப்பு ஏதேனும் காத்திருக்கிறதா என்பதை ஃபர்ம்வேர் மேலாளரான எஃப்டபிள்யூஅப்டி வழியாக முன்கூட்டியே பார்த்துவிடுவதும் நல்லது, ஏனெனில் நமக்குக் கேட்கப்படும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று.

என் பார்வையில் இந்த வேலை முழுவதிலும் மிகச் செறிவான பகுதி கிட் பைசெக்ட்தான்: மூலநிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியில், குறையைக் கொண்டுவந்த மாற்றத்தைத் தேடும் வசதி அது. இரண்டு கெர்னல் பதிப்புகளுக்கு இடையே ஏறத்தாழ ஒன்பது பத்து வாரங்கள். அதற்குள் ஏறத்தாழப் பதின்மூன்றாயிரம் மாற்றங்கள் சேர்கின்றன. அவற்றில் எது நம் கணினியைக் கெடுத்தது என்பதைப் படித்துக் கண்டுபிடிக்க இயலாது. ஆனால் நல்ல பதிப்பையும் கெட்ட பதிப்பையும் சொல்லிவிட்டால், கிட் நடுவில் உள்ள ஒரு மாற்றத்தை எடுத்துத் தருகிறது. அதைத் தொகுத்து, நிறுவி, உறங்கவைத்துப் பார்த்து, நல்லதா கெட்டதா என்று சொன்னால் பாதி மாற்றங்கள் கணக்கிலிருந்து விலகிவிடுகின்றன. இவ்வாறு ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறைவதால், பதின்மூன்றாயிரம் மாற்றங்களிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுக்கச் சுமார் 14 முறை சோதித்தால் போதும். சி மொழி தெரிய வேண்டியதில்லை. பொறுமையும் ஒழுங்கும் இருந்தால் எந்தப் பயனரும் செய்யலாம் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. வழங்கலின் முழு அமைப்போடு தொகுத்தால் மடிக்கணினியில் ஒவ்வொரு முறையும் நெடுநேரம் ஆகும். 'லோக்கல்மாட்கான்ஃபிக்' என்ற இலக்கைப் பயன்படுத்தினால் அப்போது ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் தொகுக்கும் அமைப்பு உருவாகி, நேரம் பெரிதும் குறையும். ஆராயும் சாதனத்தின் மாட்யூல் அந்நேரத்தில் ஏற்றப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பைசெக்டில் ஓர் அபாயம் உண்டு. வழு எல்லா முறையும் வெளிப்படாமல் சில முறை மட்டும் வெளிப்படுவதாக இருந்தால், கெட்ட கெர்னல் ஒன்றை நல்லது என்று ஒரே ஒரு முறை குறித்துவிட்டாலும் அதற்குப் பின் வரும் அத்தனை படிகளும் தவறான திசையில் போய், தொடர்பே இல்லாத ஏதோ ஒரு மாற்றத்தில் முடியும். அதனால்தான் 'ஆர்டிசிவேக்' என்ற கட்டளையைப் பயன்படுத்தினேன். குறித்த நொடிகளுக்குப் பின் கணினியைத் தானே விழிக்கவைக்கும் அந்தக் கட்டளையை ஒரு சுழற்சியில் இட்டு, பலமுறை தொடர்ந்து உறங்கி எழுந்த பிறகே ஒரு கெர்னலை நல்லது என்று குறித்தேன். தொகுக்கவோ தொடங்கவோ மறுக்கும் மாற்றங்களைத் தவிர்க்கச் 'ஸ்கிப்' இருக்கிறது. ஐயம் உள்ளதை நல்லது என்று குறிப்பதைவிடத் தவிர்ப்பது மேல். முடிவில் கிட் காட்டியது அதே வைஃபை இயக்கியின் மின்மேலாண்மைப் பகுதியில் செய்யப்பட்ட ஒரு மாற்றம். அந்த ஒரு மாற்றத்தை மட்டும் புதிய கெர்னலிலிருந்து திரும்பப்பெற்றுத் தொகுத்துப் பார்த்தேன், கணினி எழுந்தது. மாட்யூலை இறக்கியபோது கிடைத்த தடயமும் பைசெக்டின் முடிவும் ஒரே இடத்தைச் சுட்டியதால் இனி ஐயத்துக்கு இடமில்லை.

எங்கே அறிவிப்பது என்பதும் முக்கியம். கெர்னலுக்கென்று பக்ஸில்லா என்ற வழுப்பதிவுத் தளம் இருந்தாலும், பல துணைப்பிரிவுகளின் பராமரிப்பாளர்கள் அதைப் பார்ப்பதில்லை. அவர்கள் வேலை செய்யும் இடம் மின்னஞ்சல் குழுக்களே. மூலநிரலோடு வரும் 'மெயின்டெய்னர்ஸ்' என்ற கோப்பில் ஒவ்வொரு இயக்கிக்கும் உரியவர் யார், எந்தக் குழுவுக்கு எழுத வேண்டும் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. இன்டெல், ஏஎம்டி வரைகலை இயக்கிகளின் வழுக்கள் ஃப்ரீடெஸ்க்டாப் திட்டத்தின் கிட்லேப் தளத்துக்குப் போக வேண்டும். பின்னடைவுகளைக் கண்காணிக்கத் தனிக் குழு இருக்கிறது. தோர்ஸ்டன் லேம்ஹுயிஸ் உருவாக்கிய ரெக்ஸ்பாட் என்ற நிரல் அங்கு வரும் அறிக்கைகளைப் பட்டியலிட்டு, எதுவும் மறக்கப்படாமல் பார்த்துக்கொள்கிறது. அந்தக் குழுவுக்கும் ஒரு படி அனுப்ப வேண்டும். மின்னஞ்சல் வெறும் உரையாக இருக்க வேண்டும். எச்டிஎம்எல் வடிவில் வருவதைக் குழுக்கள் ஏற்பதில்லை.

அறிக்கையின் தலைப்பிலேயே எந்த இயக்கி, எந்தப் பதிப்பிலிருந்து, என்ன நேர்கிறது என்பது தெரிய வேண்டும். 'உறக்கம் வேலை செய்யவில்லை, உதவுங்கள்' என்ற தலைப்பை எவரும் தமக்கு உரியதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உள்ளே முதல் பத்தியில் நிகழ்வும், சரியாக இயங்கிய கடைசிப் பதிப்பும், பைசெக்ட் சுட்டிய மாற்றத்தின் அடையாளமும் வந்துவிட வேண்டும். கணினி மாதிரி, ஃபர்ம்வேர் பதிப்பு, சோதனைகள் ஆகியவை அதற்குப் பிறகு. மாற்றத்தை எழுதியவரையும் முகவரியில் சேர்ப்பது மரபு; அதில் குற்றஞ்சாட்டும் தொனி கூடாது. பதிவுகளை இணைக்கும் முன் ஒரு முறை முழுவதும் படித்துப் பார்க்க வேண்டும்: வீட்டு வைஃபையின் பெயர், வலையட்டையின் முகவரி, கணினியின் பெயர், சில வேளைகளில் வரிசை எண் ஆகியவையும் அவற்றில் இருக்கும், பொதுக் குழுவில் போனது என்றென்றும் ஆவணத்தில் நிற்கும். நம் ஆங்கிலம் போதாது என்ற தயக்கம் தமிழ்ப் பயனர்கள் பலருக்கு இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குழுக்களில் எழுதுவோரில் பெரும் பகுதியினருக்கு ஆங்கிலம் தாய்மொழி அன்று. குறுகிய, நேரான வாக்கியங்களையே அங்கு விரும்புகிறார்கள்.

அறிக்கை அனுப்பியதோடு நம் பங்கு முடிவதில்லை. எனக்கு முதலில் வந்த பதில் ஒரு கேள்வி: குறிப்பிட்ட பிழைகாண் தெரிவை இயக்கிப் பதிவெடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அதை அனுப்பிய பின் ஒரு சோதனைப் பேட்ச், அதாவது மூலநிரலுக்கான திருத்தம், வந்தது. அதைச் சேர்த்துத் தொகுத்து, அதே சுழற்சியை ஓடவிட்டு, முடிவைத் தெரிவித்தேன். பேட்ச் மூலக் கெர்னலில் சேர்ந்த பின்னரே நிலையான கிளைகளுக்கு (திருத்தங்களை மட்டும் பெறும், முன்பே வெளியான பதிப்புகளுக்கு) வரும் என்பது விதி. வழங்கல் அதை எடுத்துக்கொள்ள மேலும் சில காலம் ஆகும். ஆகையால் வழங்கலின் வழுத்தளத்திலும் ஒரு பதிவிட்டு, மூல உரையாடலுக்கான இணைப்பைக் கொடுத்துவைத்தேன். அதே மாதிரிக் கணினி வைத்திருக்கும் வேறொருவர் தேடும்போது அது கிடைக்கும்.

திருத்தம் வழங்கல் வழியாக வந்துசேர்ந்த அன்று, உறக்க அடைவில் வைத்திருந்த அந்தச் சிறு ஸ்கிரிப்டை நீக்கிவிட்டேன். அது அங்கேயே இருந்திருந்தால், திருத்தம் உண்மையிலேயே வேலை செய்கிறதா, அடுத்த கெர்னலில் அதே இயக்கி மீண்டும் தவறுகிறதா என்பது எனக்குத் தெரியவே தெரியாது.