ஓலை வேண்டாம் என்ற ஊரில் ஒரு வாசிகசாலை

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், வவுணதீவையும் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு கிராமத்துக்கு வாசிகசாலை கட்டித் தர ஒரு நிறுவனம் முன்வந்தது. வரைபடம் போட்டு வேலையைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அவர்கள் அனுப்பிய மாதிரிப் படங்களில் மூங்கில் வளைவுகள், இலை வடிவத்தில் கூரை, கூரை மேல் தென்னோலையில் பின்னிய கிடுகு. கண்ணுக்கு அழகுதான். ஆனால் எங்கள் பக்கத்துக்கு மூங்கிலை மலைநாட்டிலிருந்து லொறியில்தான் ஏற்ற வேண்டும். வந்த பிறகும் பொராக்ஸ் கரைசலில் ஊறப்போடாவிட்டால் வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். மூங்கில் அத்தோடு போனது.

கிடுகுக்கு ஊரே தீர்ப்புச் சொல்லிவிட்டது. கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் படங்களைக் காட்டியதும் பின்னால் இருந்த ஒரு அம்மம்மா எழும்பினார். “ஓலைக்குள்ள இருந்தது போதும் மனே. பிள்ளையள் படிக்கிற இடத்தையாவது கல்லால கட்டித் தாங்க.” ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. இடம்பெயர்ந்து, முகாமில் கிடந்து, திரும்பி வந்து, வீட்டுத்திட்டம் கிடைக்கும்வரை கொட்டிலுக்குள் எத்தனையோ மாரியைக் கழித்தவர்கள் அவர்கள். பாசிக்குடாவில் ஹோட்டல் கட்டினால் கிடுகு அழகு. இங்கே அது தறப்பாளுக்கு அடுத்த படி.

சூழலுக்கு இசைந்த கட்டடங்கள் பற்றிய பயிற்சிப் பட்டறைகளில் கரியமில வாயுவைப் பற்றி நிறையப் பேசுகிறோம், வெட்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை. கிடுகை ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். தனக்கு வெட்கமாக இருக்கும் கூரையை எந்த ஊர் சிரமதானம் வைத்து மாற்றப்போகிறது? அன்றிலிருந்து ஒவ்வொரு பொருளுக்கும் என்னிடம் ஒரே கேள்விதான் இருந்தது: இது பழுதானால் இந்த ஊரில் யார் கை வைப்பார்கள்?

சுவருக்கு அழுத்திய மண்கல் என்று முடிவெடுத்தேன். சூளை வேண்டாம், விறகு வேண்டாம். மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமெந்து சேர்த்து, கை இயந்திரத்தில் அழுத்தி, நிழலில் ஈரம் காயாமல் 28 நாட்கள் வைத்தால் போதும். நல்ல கல்லுக்கு மண்ணில் பாதியளவு மணலும் ஐந்தில் ஒரு பங்கு களிமண்ணும் இருப்பது உகந்தது. வயலோரத்து மண்ணைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்தோம். மணல் உடனே அடியில் இறங்கியது. மேலே படிந்த களிதான் எங்களுக்குத் தேவையானதைவிடத் தடிப்பாக இருந்தது. அப்படியே அழுத்தியிருந்தால் காயும்போது வெடித்திருக்கும். ஆற்று மணல் கலந்து சரிக்கட்டினோம்.

மேசன் நம்பவில்லை. “சேர், மண் மண்தான். ஒரு வெள்ளம் காணும்.” அவரே இரண்டு வாளி கொண்டுவந்தார். சிமெந்து சேர்க்காமல் அழுத்திய கல் ஒன்றில், ஈரம் காயாமல் வைத்தெடுத்த கல் மற்றதில். காலையில் முதல் வாளியில் இருந்தது கஞ்சி. இரண்டாவதில் கைவிட்டுக் கல்லைத் தூக்கி, விளிம்பைப் பெருவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். நகத்தில் கொஞ்சம் செம்மண் ஒட்டியது, அவ்வளவுதான். ஒன்றும் சொல்லாமல் நூல் கட்டப் போய்விட்டார். கூட்டத்துக்கு விளக்கம் சொல்லும் வேலையும் அதன் பிறகு அவருடையதாகிவிட்டது. என் சொல்லைவிட அவர் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

ஆனாலும் வெள்ளம் பற்றி அவர் சொன்னது வெறும் பேச்சில்லை. 2011 ஜனவரி வெள்ளம் எதுவரை ஏறியது என்று ஊரில் எவரைக் கேட்டாலும் சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். அந்த மட்டத்தைத் தாண்டும்வரை கருங்கல் அத்திவாரம், அதன்மேல் சுட்ட செங்கல் வரிசைகள், பிறகுதான் மண்கல். யானை வந்தால் என்ன செய்வது என்றும் ஒருவர் கேட்டார். உள்ளே நெல் வைக்காதவரை யானைக்கு அங்கே அலுவல் இல்லை என்றேன். “அப்ப சங்கத்து நெல்லையும் அங்க வைக்கேலாதா?” என்று கேட்டார். அதுதான் அவருடைய உண்மையான கேள்வி.

வெளிச்சம் வடக்கிலிருந்து வரட்டும் என்று பாடப்புத்தகம் சொல்லும். அது தூரத்து நாடுகளுக்கு எழுதியது. மட்டக்களப்பில் ஏப்ரல் முற்பகுதியில் சூரியன் உச்சியைக் கடந்தால், செப்டெம்பர் தொடக்கம் வரை மதிய வெயில் வடக்குப் பக்கத்தால்தான் விழும். ஆகவே வடக்குக்கும் தெற்குக்கும் ஒரே அளவு தாழ்வாரம் விட்டு, சன்னல்களை அந்த இரண்டு சுவர்களிலும் வைத்தோம். சன்னல் அடிக்கட்டு பிள்ளைகள் ஏறி உட்காரும் உயரம். கிழக்குச் சுவர் மூடியது. மேற்கில் கச்சான் காற்று அனலாக வீசும். அந்தப் பக்கத்து விறாந்தைக்குப் பன்புல் தட்டிகள் தொங்கவிட்டோம். பன்பாய் இழைக்கும் பெண்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். பன் வாவிக்கரைச் சதுப்பில் வளர்கிறது. தட்டிக்கு ஒருவரும் வெட்கப்படவில்லை, அது அவர்கள் விற்கும் பொருள்.

கூரைக்குப் பழைய ஓடு. நகரத்தில் பழைய வீடுகளை இடித்து பிளாற் போடுகிறவர்கள் ஓட்டை மலிவாகக் கொடுக்கிறார்கள். பழைய ஓடு ஒழுகும் என்பது தெரிந்ததே. கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா ஓட்டுக்குக் கீழே அஸ்பெஸ்டஸ் நெளிசீற் விரித்து அதைச் சமாளித்தார். அந்தச் சீற்றைப் பிள்ளைகள் தலைக்கு மேல் போட எனக்கு மனமில்லை. சரிவைக் கூட்டி, மெதுவான உட்சோற்றி நீக்கிய பனைச் சலாகைகளை நெருக்கி அடித்தார் ஓடாவியார். வளவில் நின்ற நாவல் மரத்தை வெட்டவில்லை. இலை அடைக்கும் என்பதால் கூரை விளிம்பில் தண்ணீர் பிடிக்கும் பீலியும் வைக்கவில்லை. தண்ணீர் நேரே கல் நிரப்பிய வாய்க்காலில் விழுந்து மரத்தடிக்குப் போகிறது.

புத்தகங்களுக்குத்தான் மாரி பெரிய எதிரி. காற்றின் ஈரப்பதன் 65 வீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணம் பிடிக்கும், புத்தகம் அரிக்கும் இராமபாணப் பூச்சியும் பின்னால் வரும். அதனால் இறாக்கைகளைச் சுவரில் சாய்க்காமல், காற்று சுற்றிவர இடைவெளி விட்டு நிறுத்தினோம். கால்களுக்குக் கீழே கருங்கல் துண்டுகள். கறையான் ஏறினால் மண் கோடு கல்லில் உடனே தெரியும்.

திறப்பு விழாவுக்கு வந்த நிறுவன அதிகாரி சுற்றிப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு, ஆனால் அறிக்கையில் போடும் படத்தில் இயற்கை தெரியவேண்டுமே” என்றார். நாவல் மரத்தடியில் நின்று எடுக்கச் சொன்னேன்.

இப்போது காலையில் பத்திரிகைக்கு வயதானவர்கள், பின்னேரம் பிள்ளைகள், இரவில் உயர்தரம் படிப்பவர்கள். மேற்குப் பக்கத் தட்டிகளில் சில இற்றுப் போயிருக்கின்றன. பாய் இழைக்கும் பெண்கள் இந்த முறை விலையைக் கூட்டிக் கேட்கிறார்கள். பிளாஸ்டிக் தட்டி மலிவு என்று பொருளாளர் சொல்ல, அந்தப் பெண்களில் இருவர் சங்க உறுப்பினர்கள் என்பதால் கூட்டம் இன்னும் முடிந்தபாடில்லை.