இறங்கிப் போனவர்கள்: மே மாத நாட்குறிப்பு

2025 மே 5, திங்கள்

ஐயர், அதாவது எங்கள் சபைக் குருவானவர், கூப்பிட்டு அனுப்பியிருந்தார். ஜூன் கடைசியில் எங்கள் சேகரத்து (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகள்) வாலிபர் சங்கத் தேர்தல் வருகிறது. அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் பிள்ளைகளுக்கு விசுவாசம், தலைமை என்று நாலு நல்ல விஷயம் சொல்ல முடியுமா என்று கேட்டார். போன தேர்தல் முடிந்து இரண்டு குடும்பங்கள் இன்னும் முகம் பார்த்துப் பேசிக்கொள்வதில்லை. செயலாளர் பதவிக்குத்தான் அத்தனை சண்டையும். அது ஐயருக்கு மனசில் முள்ளாகக் கிடக்கிறது, எனக்கும்தான்.

"சாதிச்சவங்க கதையாச் சொல்லுங்க டீச்சர், கேப்பாங்க" என்றார். சரி என்று வந்துவிட்டேன். ஆனால் சாதித்தவர்கள் கதை என்றாலே எல்லாரும் ஏறிப் போன கதையைத்தான் சொல்கிறோம். இவ்வளவு படித்தார், இந்தப் பதவிக்கு வந்தார், இத்தனை பேர் அவருக்குக் கீழே. இந்தத் திருநெல்வேலிச் சீமையில் தெரிந்தே இறங்கிப் போனவர்கள் இருக்கிறார்கள். இருந்த இடத்தை விட்டு இறங்கும்போதுதான் ஒருவருடைய விசுவாசம் எதன் மேல் நின்றது என்று தெரியும். அவர்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

மே 8, வியாழன்

நாளைக்கு அசரியா. வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1874இல் வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவர் வீட்டில் பிறந்தவர். "முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப்" என்ற ஒற்றை வரி ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். நான் அந்த வரிக்கு முந்தின வருஷங்களைச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

1902இல் அவர் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்ச் சபையார் தங்கள் சொந்தக் காசில் ஊழியர்களை வெளியே அனுப்புவதைப் பார்த்தார். நெல்லையில் சபை தொடங்கி நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் நாம் ஒருவரையும் அப்படி அனுப்பவில்லையே என்பது அவரைக் குடைந்திருக்கிறது. அடுத்த வருஷமே, 1903 பிப்ரவரி 12 அன்று, பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் நம் ஜனங்களின் காணிக்கையிலேயே நடக்க வேண்டும் என்பதுதான் அதன் உயிர். நிஜாம் ராஜ்யத்தில் இருந்த தோர்ணக்கல்லை ஊழியத்துக்குத் தெரிந்தெடுத்தார்கள். தெலுங்கு பேசும் பூமி. இங்கிருந்து போனவர்களுக்கு அந்தப் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது.

அசரியாவோ அப்போது ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளர். தேசமெங்கும் பயணம், பெரிய பெரிய கூட்டங்கள். 1907இல் தோக்கியோவில் நடந்த உலக மாணவர் கிறிஸ்தவ மாநாட்டுக்கே போய் வந்தவர். அப்படிப்பட்டவர் 1909இல் அதை விட்டுவிட்டு, குருப்பட்டம் பெற்று, அதே தோர்ணக்கல்லுக்குக் கிராம ஊழியராகப் போனார். 'மற்றவர்களை அனுப்பிவிட்டு நான் மட்டும் மேடையில் இருப்பதா' என்ற கேள்வி அவரை விடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முப்பத்தைந்து வயதில் உட்கார்ந்து தெலுங்கு படித்தார்.

மே 9, வெள்ளி

முதல் வகுப்பு. கோயில் (சர்ச்சை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) பக்கத்து ஹாலில் வெக்கை தாங்கவில்லை. கரண்டும் போய்விட்டதால் எல்லாரும் வேப்பமரத்தடிக்கு வந்தோம்.

எடின்பரோவைச் சொன்னபோது ஒரு சத்தம் இல்லை. 1910 ஜூனில் நடந்த உலக மிஷனெரி மாநாடு அது. மேலை நாட்டுப் பெரிய தலைகள் நிறைந்த சபையில் நம் வெள்ளாளன்விளைக்காரர் எழுந்து நின்று பேசினார். மிஷனெரிகளின் தியாகத்தை இந்தியச் சபை காலமெல்லாம் நன்றியோடு நினைக்கும் என்று முதலில் சொன்னார். ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையே சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். வெள்ளைக்காரர்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. கையில் அதிகாரம் இல்லாமல், நன்றியை மறக்காமல், உண்மையையும் விழுங்காமல் பேசியிருக்கிறார். இந்த மூன்றும் சேர்ந்து வருவது ரொம்ப அபூர்வம்.

அப்புறம் ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், அவரு 1912ல பிஷப் ஆகலேன்னா நாம யாராவது ஞாபகம் வச்சிருப்போமா? கடைசில ஏறித்தானே போனாரு?"

நியாயமான கேள்வி. 1909இல் தோர்ணக்கல்லுக்கு ரயில் ஏறியபோது 1912 அவருக்குத் தெரியாதே என்று சொன்னேன். அவருக்கு முன்னாலேயே நம் ஊர்களிலிருந்து போய் அங்கே பாடுபட்டவர்கள் யாரும் பிஷப் ஆகவில்லை. அவர்கள் பெயர் நமக்கு வாயில் வருவதும் இல்லை. ஆனால் அவர்கள் போட்ட பாதையில்தான் அசரியா நடந்தார். பையன் தலையாட்டினான். முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பரவாயில்லை, யோசிக்கட்டும்.

இன்னொன்றும் சொன்னேன். தோர்ணக்கல் பக்கத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா சமூகத்து ஏழைக் கூலிகள். ஞானஸ்நானம் பெற்றவர் தன் கையைத் தன் தலையிலேயே வைத்து, "சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ" என்ற பவுலின் வார்த்தையைச் சொல்லும்படி செய்தார் அசரியா. எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரனிடமும் முதல் நாளே பொறுப்பைக் கொடுத்துவிட்டார். நம் சங்கத்திலோ மைக்கைக் கையில் கொடுக்கவே இரண்டு வருஷம் ஆகிறது.

மே 16, வெள்ளி

இன்று நம் சீமையின் டோனாவூரில் ஊழியம் செய்த 'அம்மா'. எமி கார்மைக்கேல் 1867இல் வட அயர்லாந்தில் பிறந்து, 1895இல் இந்தியா வந்தவர். சாகும்வரை ஊருக்குத் திரும்பவே இல்லை. தொடக்கத்தில் பெண்கள் குழு ஒன்றைக் கூட்டிக்கொண்டு மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகச் சுவிசேஷம் சொல்லப் போனவர். 1901இல் இந்துக் கோயிலைச் சேர்ந்த ஒரு வீட்டிலிருந்து தப்பி வந்த ஒரு சின்னப் பெண் அவரிடம் சேர்ந்தாள். அதன் பிறகு ஒவ்வொன்றாகக் குழந்தைகள் வந்தன. கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக முடியுமா? வண்டி நின்றது. தொட்டில் கட்டுவதும், பால் காய்ச்சுவதும், ராத்திரி முழித்திருப்பதும் வேலை ஆனது. ஆத்துமாக்களை ஆதாயப்படுத்த வந்தவர் பிள்ளை வளர்க்கிறாரே என்று சக ஊழியர்களிலேயே குறைபட்டவர்கள் உண்டு.

1931 அக்டோபரில் களக்காட்டில், மருந்தகத்துக்காகத் தயாராகிக்கொண்டிருந்த வீட்டைப் பார்க்கப் போனபோது குழியில் விழுந்து கால் முறிந்தது. 1951 ஜனவரி 18இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் அறைக்குள்ளேயேதான் இருந்தார். பிள்ளைகளும் ஊழியர்களும் அவர் அறைக்கு வந்து போனார்கள். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். தனக்குக் கல்லறைக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் பறவைகள் நீர் குடிக்க ஒரு கல் தொட்டி வைத்து, அதில் 'அம்மா' என்று மட்டும் பொறித்தார்கள்.

இன்றைக்கு வகுப்பு முடிந்ததும் ஒரு பெண் என்னிடம் தனியாக வந்தாள். நர்சிங் படித்துவிட்டு, படுக்கையில் கிடக்கும் பாட்டியைப் பார்த்துக்கொள்ள வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறவள். "என்னைய யாரும் தலைவர்னு சொல்ல மாட்டாங்கக்கா" என்றாள். அந்தக் கூட்டத்தில் அவளைவிடப் பெரிய தலைவர் எனக்குத் தெரியாது. அதை அவளிடம் நேராகவே சொன்னேன்.

மே 18, ஞாயிறு

அசனம், அதாவது சபையின் பொது விருந்து. ராத்திரியெல்லாம் அண்டாக்கள் கொதித்தன. ஆட்டுக்கறிக் குழம்பு மணம் தெரு முனை வரைக்கும். எல்லாச் சாதிக்காரர்களும் ஒரே பந்தியில் தரையில் உட்கார்ந்து ஒரே சோறு சாப்பிடுகிற நாள் இது. எத்தனை வருஷம் பார்த்தாலும் எனக்குக் கண் நிறைந்துவிடும். தேர்தலில் நிற்கிற பிள்ளைகள் வாளி தூக்கிப் பரிமாறினார்கள். எச்சில் இலை எடுத்தவர்கள் வேறே பிள்ளைகள். நான் கவனித்துக்கொண்டேன்.

மே 23, வெள்ளி

வ.உ.சி.யைப் பற்றிப் பேசினேன். "அவரு நம்ம சபை இல்லையே டீச்சர்" என்று ஒரு குரல். இல்லைதான், சைவர். ஆனால் விசுவாசத்துக்காகத் தோற்றுப்போவது எப்படி என்று அவரிடம் கற்றுக்கொள்ளாமல் இந்தச் சீமையில் யாரிடம் போய்க் கற்றுக்கொள்வது?

ஒட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வக்கீல். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி. 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களுக்காக நின்றார், அந்த மார்ச்சிலேயே கைதானார். இரட்டை ஆயுள் தண்டனை, மேல்முறையீட்டில் குறைந்தது. கோயம்புத்தூர் சிறையில் செக்கு இழுத்தார். 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை, வக்கீல் சன்னதும் (தொழில் செய்யும் உரிமம்) இல்லை, திரண்டு வந்து வரவேற்க ஜனமும் இல்லை. சென்னையில் சின்னச் சின்ன வியாபாரம் பண்ணிப் பிழைத்தார். அந்த நிலைமையிலும் தொல்காப்பியம், திருக்குறள் என்று தமிழ் நூல்களோடு உழைப்பதை விடவில்லை. சன்னது திரும்பக் கிடைக்க உதவிய வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் பெயரைத் தன் மகனுக்கு வாலேசுவரன் என்று வைத்தார். வெள்ளையர் ஆட்சி அவரை நொறுக்கியிருந்தது. அதற்குள் ஒரு நல்ல மனுஷனைக் கண்டபோது கசப்பில்லாமல் நன்றி சொல்ல அவரால் முடிந்தது.

இதைத் தயாரிக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. வ.உ.சி. சிறைக்கு வெளியே வந்த அதே 1912 டிசம்பரில், 29ஆம் தேதி, கல்கத்தாவில் அசரியா பிஷப்பாக அபிஷேகம் பெற்றார். இருவருமே அன்றைய ஒரே திருநெல்வேலி ஜில்லாக்காரர்கள். ஒருவருக்கு நாற்பது வயது, இன்னொருவருக்கு முப்பத்தெட்டு. மே 9ஆம் தேதி கேள்வி கேட்ட பையனைக் கூப்பிட்டு, "இவரு கடைசில ஏறல. என்ன சொல்றே?" என்றேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "ஆனா நாம வச்சிருக்கோமே டீச்சர், ஞாபகம்" என்றான்.

மே 27, செவ்வாய்

ஐயரைப் பார்த்தேன். தேர்தலில் நிற்கிற ஒவ்வொருவரும் ஜூன் முழுக்க ஏதாவது ஒரு வேலையைக் கையில் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். ஞாயிறு பள்ளியில் சின்ன வகுப்பு, முதியவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, கோயில் வளாகம் கூட்டுவது. மைக் வேலை மட்டும் கிடையாது. ஐயர் கொஞ்சம் தயங்கினார். பெரியவர்கள் சிலர், 'எங்க பிள்ளை கூட்டுமாறு எடுக்கணுமா' என்று கேட்பார்கள் என்றார். கேட்கட்டும், நானே பதில் சொல்கிறேன் என்றேன். ஒத்துக்கொண்டார்.

மே 30, வெள்ளி

பேர் கொடுக்கச் சொல்லி ஹால் கதவில் தாள் ஒட்டினேன். நர்சிங் படித்த பெண் முதியவர்கள் வேலைக்குப் பேர் எழுதியிருக்கிறாள். அவள் தேர்தலில் நிற்கவே இல்லை. கேள்வி கேட்ட பையன் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டான். போன தடவை சண்டை போட்ட இரண்டு வீட்டுப் பிள்ளைகளின் பேர் மட்டும் இன்னும் தாளில் இல்லை. நாளைக்குச் சாயங்காலம் இரண்டு வீட்டுக்கும் நானே போய்க் கேட்கப்போகிறேன். ஐயரின் மனைவி ஐயரம்மாவும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.