பாமலில் விழாமல் இறங்குவது

ஆண்கள் ஆர்ட்டிஸ்டிக் ஜிம்னாஸ்டிக்ஸில் ஆறு கருவிகள்: ஃப்ளோர், பாமல் ஹார்ஸ் (மேலே இரண்டு பிடிகள் வைத்த குதிரை மாதிரிக் கருவி), ரிங்ஸ், வால்ட், பேரலல் பார்ஸ், ஹை பார். ஆல்ரவுண்ட் ஆடுகிறவன் ஒரே நாளில் ஆறையும் முடிக்க வேண்டும். கைதட்டல் ஃப்ளோருக்கும் ஹை பாருக்கும்தான். ஆனால் நான் போட்டிகளில் ஆடிய காலம் முழுக்க, எத்தனையாவது இடத்தில் நிற்கிறேன் என்பதை முடிவு செய்தது பாமல்தான்.

2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் ஆஷிஷ் குமார் ஃப்ளோரில் வெண்கலமும் வால்ட்டில் வெள்ளியும் வாங்கினார். ஜிம்னாஸ்டிக்ஸில் இந்தியாவுக்கு அதற்கு முன் காமன்வெல்த் பதக்கமே கிடையாது. அடுத்த மாதமே குவாங்சோ ஆசியப் போட்டியில் ஃப்ளோரில் இன்னொரு வெண்கலம். அதைப் பார்த்துவிட்டு ஹாலில் சேர்ந்த பையன்களில் நானும் ஒருத்தன். எங்களுக்கெல்லாம் டபுள் பேக், அதாவது காற்றில் இரண்டு பின்குட்டிக்கரணம், அடிக்க ஆசை. மாஸ்டரோ எங்களை மஷ்ரூம் பக்கம் அனுப்பினார். காளான் வடிவில் தாழ்வாக இருக்கும் பயிற்சிக் கருவி அது. அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டு, ஒட்டிய கால்களோடு வட்டம் சுற்ற வேண்டும். அது வராதவர்களுக்கு வாளி. உத்தரத்தில் கயிறு கட்டி ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தொங்கவிட்டு, இரண்டு பாதத்தையும் அதில் வைத்துச் சுற்றச் சொல்வார். கால் பாரத்தை வாளி தாங்கிக்கொள்ளும். தோளும் கையும் வேலையைக் கற்றுக்கொள்ளும். வேடிக்கை பார்க்க வந்த அப்பா, குளிப்பாட்டப் போகிறார்கள் என்றே நினைத்தாராம்.

ரிங்ஸில் ஒரு பிடியை 2 விநாடி நிறுத்திக் காட்ட வேண்டும். பாமலில் நிற்கவே கூடாது. 35 சென்டிமீட்டர் அகலக் குதிரை மேல் ஒரு கை ஊன்றும்போது மறு கை எழுந்துவிடும், உடம்பு முழுக்க அந்த ஒற்றைக் கையில். இடுப்பு லேசாக உரசினால் அப்போதே விழமாட்டோம். அந்த வட்டத்தைச் சமாளித்துவிடுவோம், அதற்கடுத்ததையும் எப்படியோ இழுத்துவிடுவோம், மூன்றாவதில்தான் கீழே. பார்க்கிறவர்களுக்கு ஏன் விழுந்தான் என்றே புரியாது.

பத்தாம் வகுப்பில் மளமளவென்று வளர்ந்தேன். கால் நீண்டதும் பழைய வட்டமெல்லாம் போச்சு. கூடவே மணிக்கட்டு வலி. வளரும் வயதில் மணிக்கட்டுப் பக்கத்து எலும்பு நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டு, திரும்பத் திரும்ப பாரம் விழுந்தால் புண்பட்டுப்போகும். ஜிம்னாஸ்டுகளுக்கு இது சகஜம். டாக்டர் ஓய்வு சொன்னார். கை ஊன்றாமல் வயிற்றுக்கும் காலுக்கும் மட்டும் பயிற்சி செய்த அந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அவ்வளவு போர்.

திரும்பி வந்தபோதுதான் மாஸ்டர் நோட்டை எடுத்தார். 2006 முதல் 10-க்கு 10 என்ற பழைய கணக்கு கிடையாது. டி ஸ்கோர் என்பது நாம் செய்யும் ஐட்டங்களின் கடினத்துக்கு, இ ஸ்கோர் என்பது 10-இலிருந்து பிழைகளைக் கழித்து வருவது. ஐட்டங்களுக்குக் கடினத்தைப் பொறுத்து ஏ, பி, சி, டி என்று தரம் உண்டு. ஏ ஐட்டத்துக்கு 0.1, பி-க்கு 0.2, இப்படியே ஏறும். விழுந்தால் 1.0 போச்சு, விழுந்த ஐட்டத்தின் மதிப்பும் கிடைக்காது.

“இந்த டி ஐட்டத்துக்கு எவ்வளவு?”

“0.4 மாஸ்டர்.”

“எத்தனை தடவைக்கு ஒரு தடவை விழுறே?”

நான் வாயைத் திறக்கவில்லை. அவரே எழுதினார். ஏழு தடவை செய்து ஒரே ஒரு தடவை விழுந்தாய் என்று வை. ஆறு தடவைக்கு 2.4 கிடைக்கும், விழுந்ததற்கு 1.0 போகும், மிச்சம் 1.4. அதே இடத்தில் பி ஐட்டம் போட்டு ஏழு தடவையும் விழாமல் செய்தால்? அதுவும் 1.4. ஆக ஏழுக்கு ஒன்றுக்கு மேல் விழுகிற எதுவும் நஷ்டம். நான் விழுந்துகொண்டிருந்ததோ அதைவிடப் பல மடங்கு. கால்களை விரித்துச் சுற்றும் என் ஃப்ளேர் வரிசை அன்றைக்கே பறந்துவிட்டது. வட்டம், கத்தரி மாதிரி கால் மாற்றும் சிசர்ஸ், குதிரையின் நீளத்தில் நகரும் டிராவல், கடைசியில் இறங்கும் சாதாரண டிஸ்மவுண்ட் என்று ஒரு செட் கட்டினோம். பாதத்தை நீட்டி, இடுப்பைத் தூக்கி, அதையே தேய்த்தோம்.

இறங்குவதையும் அலட்சியமாக விட முடியாது. 2012 லண்டன் ஒலிம்பிக் குழு இறுதியில் ஜப்பானுக்குக் கடைசி கருவி பாமல், கடைசி ஆள் கோஹெய் உச்சிமுரா. டிஸ்மவுண்டில் கை குலைந்து எப்படியோ இறங்கினார். அதற்கு மதிப்பு கொடுக்காததால் ஜப்பான் 4-ஆம் இடத்துக்குப் போனது. மேல்முறையீட்டில் 0.7 திரும்பக் கிடைக்க, வெள்ளி. பிரிட்டன் வெண்கலத்துக்கு இறங்கியது, உக்ரைனுக்குப் பதக்கமே இல்லாமல் போனது. அதற்கு அடுத்து வந்த தனிநபர் ஆல்ரவுண்டில் தங்கம் வாங்கிய மனிதருக்கே இந்த நிலை!

பல்கலைக்கழகப் போட்டிகளில் வேறு தொல்லைகள். ஒரு இடத்தில் வார்ம்-அப் ஹாலில் பாமலே இல்லை. தரையில் கை ஊன்றிச் சுற்றிவிட்டு நேராக மேடைக்குப் போனோம். ஸ்பிரிங் இல்லாத ஃப்ளோரில் பழகியவன் ஸ்பிரிங் ஃப்ளோரில் எகிறினால் தேவைக்கு மேல் சுற்றிப் பின்னால் உட்கார்ந்துவிடுவான். பேரலல் பார்ஸில் சாக் பவுடருக்கு முன் தேன் தடவுகிறவர்கள் உண்டு. எங்கள் பையில் ஒரு சின்ன பாட்டில் எப்போதும் இருக்கும், எறும்புகளோடு.

சுற்று வரிசையும் முக்கியம். பாமலில் தொடங்கும் குழு கடைசியாக ஃப்ளோருக்கு வரும், அப்போது கால் கெஞ்சும். எனக்கு அது பரவாயில்லை. மணிக்கட்டு சூடாவதற்குள் பாமல் ஏறுவது கஷ்டம்தான், ஆனால் சீக்கிரம் தொலைந்தால் மீதி ஐந்தையும் நிம்மதியாக ஆடலாம். புது செட்டில் என் டி ஸ்கோர் குழுவிலேயே குறைவு. விழாததால் மொத்தப் புள்ளியில் மேலே வந்தேன், குழுவில் இடமும் நிலைத்தது. பிற்பாடு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு மனு போட்டபோது உதவியதும் அந்தச் சான்றிதழ்கள்தான்.

ஹாலுக்குப் போகும்போது ஜூனியர் பையன்களுக்கு அந்த ஏழுக்கு ஒன்று கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். பாதிப் பேர் தலையாட்டிவிட்டு ஃப்ளேர் போடப் போய்விடுகிறார்கள்.