தெங்குமரஹாடா, மாயாற்றின் இக்கரை

அக்டோபர் 12
பரிசல் ஓடவில்லை.

அக்டோபர் 13
இங்கே ஒரு தூறல்கூட இல்லை. ஆறு மட்டும் செம்மண் நிறத்தில் மூங்கில் தூரைத் தொட்டுக்கொண்டு போகிறது. முதுமலைப் பக்கம் பெய்த மழை. மசினகுடியைத் தாண்டி, மைசூர் டிச் பள்ளத்தில் 20 கிலோமீட்டர் நெருக்கிப் பாய்ந்து, வழியில் சீகூர் ஆற்றையும் சேர்த்துக்கொண்டு வந்து நிற்கிறது. துறைக்கல்லில் தண்ணீர் இருக்கும் மட்டத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டேன்.

"தண்ணி எங்க நிக்குது, கண்ணு?" அப்பா காலையிலிருந்து இதையே கேட்கிறார். நாளைக்குச் சத்தியமங்கலத்தில் டாக்டரிடம் அவர் கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டும்.

அக்டோபர் 14
கோட்டுக்கு மேல் நாலு விரல்.

அக்டோபர் 15
கட்டை நானே பிரித்தேன். துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டது. கொதித்து ஆறிய தண்ணீரை ஸ்பூனால் சொட்டுச் சொட்டாக விட்டு, ஓரத்திலிருந்து உரித்தேன். கால் சுண்டுவிரல் இருந்த இடத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெள்ளை, சுற்றிலும் சிவப்பு. வாடை வந்தால் உடனே கூட்டி வரச் சொல்லியிருந்தார் டாக்டர். குனிந்து குனிந்து முகர்ந்தேன். மருந்து வாடைதானா, வேறா? அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்லப்பா" என்றேன்.

ராத்திரி தூக்கம் இல்லை. மழை நின்றாலும் இந்த ஆற்றை நம்ப முடியாது. மேலே பைக்காரா தண்ணீரில் கரண்டு எடுத்துவிட்டு இதில்தான் விடுகிறார்கள். அங்கே திறந்தால் இங்கே வெயிலிலேயே ஏறும்.

அக்டோபர் 16
அக்கரைக்கு பஸ் வந்தது. மூன்று முறை ஹாரன் அடித்தது. திரும்பிப் போனது.

அக்டோபர் 17
ஒரு பாலம். வேறென்ன கேட்டோம்? 1948இல் கூட்டுறவுப் பண்ணை போட்டுக் காட்டைத் திருத்திய நாளிலிருந்து இந்தப் பரிசல்தான். இப்போது ஊரையே காலி செய்யச் சொல்லி, குடும்பத்துக்கு 15 லட்சம் என்கிறார்கள். நாங்கள் நீலகிரி மாவட்டம், அக்கரை ஈரோடு. கோடநாடு காட்சிமுனையில் நிற்பவர்களுக்கு எங்கள் வயல் பச்சைத் துண்டாகத் தெரியும். அதே மலையில் இருக்கும் கோத்தகிரி தாலுகா ஆபீசுக்கு நாங்கள் போக, ஆற்றைத் தாண்டி, காட்டுவழியாக பவானிசாகர் போய், மேட்டுப்பாளையம் சுற்றி ஏற வேண்டும்.

கயிறு பிடித்து நீந்தலாம் என்றான் பக்கத்து வீட்டுப் பையன். முதலை இருக்கிற ஆறு. அப்பாவைத் தோளில் வைத்துக்கொண்டா?

கல்லைப் போய்ப் பார்க்கவில்லை. பயமாக இருந்தது.

அக்டோபர் 18
கோடு தெரிகிறது! அதற்குக் கீழே மூன்று சாண் ஈரக்கல். அப்பாவுக்குக் காய்ச்சல், 101. இன்றைக்கு வாடை நிச்சயம். பாறு கழுகுகள் பள்ளத்துக்கு மேலே வட்டமிடுகின்றன. தினமும் பார்ப்பதுதான், இன்றைக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

காலுக்குப் பிளாஸ்டிக் பை சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுத் துறைக்குக் கொண்டுவந்துவிட்டோம். மணி பதினொன்று. ஈரம் இப்போது இரண்டரைச் சாண் போலத் தெரிகிறது. பரிசல்காரர் அக்கரையில் இருக்கிறார்.